கையைச் சுத்தம் செய்த கரடி

“அக்கா! சடையண்ணன் மரத்தடியில் இன்றைக்கு இனிப்பு தூக்கல்! சீக்கிரம் வா!”

“நேற்றுக் குடித்ததே இன்னும் செரிக்கவில்லையடி! இரு, வருகிறேன்!”

இரண்டு எறும்புகள் இப்படிப் பேசிக்கொண்டு ஓடின. பக்கத்தில் வேர் தோண்டிக்கொண்டிருந்தாள் ஒரு கீரி. குறிஞ்சி என்று பெயர். அந்தக் காட்டுக்கு அவள்தான் வைத்தியர். எறும்புகள் பேசியதைக் கேட்டதும் அவள் கை நின்றுவிட்டது.

சடையன் என்ற கரடி காலையில் சிறுநீர் கழிக்கும் மரம் அது. அவனுக்குச் சர்க்கரை நோய். காலில் வந்த புண் ஒரு மாதமாக ஆறவில்லை. தேனைத் தொடக்கூடாது என்று சொல்லி, குறிஞ்சி கசப்பு வேர்க் கஷாயம் கொடுத்து வந்தாள். “தொடவே இல்லை, வைத்தியரம்மா!” என்று அவன் தினமும் சொன்னான். அதை நம்பி, மருந்துதான் போதவில்லை என்று நினைத்து, இன்று மூன்று பங்கு வேர் போட்டுக் காய்ச்சிக் குடுவையில் கொண்டுவந்திருந்தாள். அவ்வளவு கசப்பை அவன் உடம்பு தாங்காமலும் போகலாம். அந்தப் பயம் அவளுக்கு இருந்தது.

அவள் மரத்தடிக்கு ஓடினாள். எறும்புகள் மொய்த்துக் கிடந்தன.

“தினமும் இப்படித்தானா?”

“முந்தாநாள் மட்டும் சப்பென்று இருந்தது, அம்மா!”

அதற்கு முந்தைய நாள் முழுக்க மழை. சடையன் குகையை விட்டு வெளியே வரவில்லை. குறிஞ்சி நேராகக் குகைக்குப் போனாள்.

“அண்ணே, நேற்றுத் தேன் சாப்பிட்டீர்களா?”

“சத்தியமாக இல்லை!”

“தேன்கூட்டுப் பக்கம் போனீர்களா?”

“சும்மா பார்க்கப் போனேன். கையை விட்டுப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது.”

“ஒட்டியதை?”

“நக்கினேன். கையைச் சுத்தம் செய்ய வேண்டாமா? அதெல்லாம் சாப்பாட்டில் சேருமா?”

“எத்தனை தடவை சுத்தம் செய்தீர்கள்?”

சடையன் விரல்விட்டு எண்ணினான். விரல்கள் போதவில்லை.

குறிஞ்சிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. குடுவையிலிருந்த கஷாயத்தை அப்படியே மண்ணில் கொட்டினாள்.

“நாம் தின்றதை நம் வாய் மறந்துவிடும், அண்ணே. உடம்பு மறக்காது. இனி உங்களைக் கேட்க மாட்டேன். எறும்புகளைத்தான் கேட்பேன்!”

“ஐயையோ! மானம் போச்சு!”

வெட்கத்தில் சடையன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். கைகளில் தேன் மணத்தது. நாக்கு தானாக வெளியே நீண்டது. திடுக்கிட்டு எழுந்தான். நொண்டிக்கொண்டே வேப்பமரத்தடிக்குப் போனான். ஒரு கொத்து இலையைக் கசக்கி, இரண்டு கைகளிலும் விரலிடுக்கு விடாமல் பூசிக்கொண்டான்.