உள்ளறைப் பதில்

மலையடி மடத்துக்கு வருகிறவர்கள் ஆவுடையப்பனுக்கு 'உள்ளறைச் சாமி' என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் என்ன கேட்டாலும் கண்ணை மூடி, "உள்ளே கேட்டு வருகிறேன்" என்று எழுந்து போவார். கொஞ்ச நேரத்தில் பதிலோடு வருவார். குரு வடிவம்மை பேசுகிற மாதிரியே சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கி, கடைசியில் கூரையைப் பார்த்து முடிப்பார். அசல் குருவே தோற்றுப் போகணும்.

உள்ளறையில் இருந்தது ஒரு செல்போன். அது யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

சீடரான ஆவுடையப்பனுக்கு அறுபது தாண்டியாகிவிட்டது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வீட்டைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்தவர் அவர்.

ஒரு நாள் காலையில் பிச்சம்மாள் என்கிற பெண் வந்தாள். குரு கூடத்து மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கூட்டம் ஆவுடையப்பனைச் சுற்றித்தான்.

"சாமி, என் மக அவ இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டா. நான் கல்யாணத்துக்குப் போகல. அதோட பேச்சு நின்னுபோச்சு. இப்பப் பிள்ளை பெத்திருக்காளாம். போய் நின்னா கதவைத் திறப்பாளா?"

"உள்ளே கேட்டு வருகிறேன்."

போனில் 'ம' என்று தட்டினார். மீதியை அதுவே எழுதிக் காட்டியது: 'மகள் பேசவில்லை என்ன செய்வது'. ஒரு கணம் தயங்கி, அதைத் தொட்டார். பதில்கள் வரிசையாக வந்து நின்றன. முதலாவது மட்டும் ஏற்கெனவே திறந்த பக்கம் என்று நிறம் மாறிக் கிடந்தது. அதையே மனதில் வாங்கிக்கொண்டு, போனை இடுப்பில் செருகி வெளியே வந்தார்.

"அவளுக்கு… நேரம் கொடுங்கள். பழையதை… விட்டுவிடுங்கள். உங்களை… நீங்களே நேசியுங்கள்."

கூரையைப் பார்த்தார்.

"தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுமே, அதை விட்டுட்டீங்களே சாமி" என்றாள் பிச்சம்மாள்.

"என்னம்மா?"

"அதுக்கு அடுத்தாப்ல அதுதான் வரும். நானும் போன்ல தேடிட்டுத்தான் வர்றேன். மொதல்ல நிக்கிறதைத்தானே எல்லாரும் அமுக்குறோம்? பஸ்ல வழி நெடுக அதையேதான் படிச்சேன். அதுல தீந்திருந்தா இம்புட்டுத் தூரம் வருவனா?"

"உங்களை… நீங்களே…" என்று பின்னாலிருந்து ஒருவன் மூச்சு வாங்கி இழுத்தான். கூடம் சிரித்தது. ஆவுடையப்பனுக்குக் காது மடல் கொதித்தது. இடுப்பில் செருகியிருந்த போன் கல்லாய்க் கனத்தது.

குரு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "உங்க மக பேரு என்ன?"

பிச்சம்மாள் வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. அழுகைதான் முதலில் வந்தது.

"செண்பகவல்லி."

குரு பாதிக் கீரையை அவள் பக்கம் தள்ளினார். ஆய்ந்துகொண்டே அவள் சொன்னாள். செண்பகவல்லிக்குக் கீரையே பிடிக்காது, தட்டுக்கு அடியில் ஒளித்துவைப்பாள், கோபம் வந்தால் மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வாள். குரு கேட்டுக்கொண்டே ஆய்ந்தார். கீரை முடிந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மினி பஸ் எப்பம்மா வரும்?"

"இப்ப வந்துரும்."

எல்லாரும் போன பிறகு ஆவுடையப்பன் போனைக் குருவின் முன்னால் வைத்தார்.

"இனி இதைத் தொட மாட்டேம்மா."

"அது என்ன பண்ணுச்சு, பாவம். நீங்க ஒவ்வொரு எழுத்தாத் தடவித் தடவித்தானே தட்டுவீங்க. சன்னல் வழியாத் தெரியும். இன்னிக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க?"

அவர் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

"ஒரு எழுத்துதாம்மா தட்டினேன். மீதியை அதுவே காட்டிருச்சு."

"அதுக்கு எப்படித் தெரியும்?"

ஆவுடையப்பன் தரையில் கிடந்த காம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி… நான் கேட்டிருக்கேன். அடிக்கடி."

குரு காம்புகளைக் கூட்டி முறத்தில் அள்ளினார்.

"உங்க மக பேரு என்ன?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.