இரண்டாவது அனுமதிச் சீட்டு

இந்தக் கதையின் முடிவில் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே கேளுங்கள்.

கல்வராயன் மலையில் கொட்டாம்பாறை என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பெண் கோகிலவாணி. புள்ளியியல் பட்டப்படிப்பில் இடம் கிடைத்தது, விடுதியில் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுதான் அறை தர முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா இல்லை. அம்மா ராமாயி மகளைத் தினமும் மலையிலிருந்தே அனுப்பிவைத்தாள்.

மலையிலிருந்து காலையில் இறங்கும் பேருந்து ஒன்றே ஒன்று. ஐந்தே முக்காலுக்கு வரும். வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு ஓடையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஓட்டுநர் அருணகிரி, மேல் வளைவில் திரும்பும்போதே இரண்டு முறை ஹாரன் அடிப்பார். அது அவளுக்காகத்தான் என்பது வண்டியில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டதும் அவள் ஓடத் தொடங்குவாள்.

முதல் பருவத் தேர்வு நாளில் ஓடையில் வெள்ளம். மேட்டுப் பாதையைச் சுற்றிக்கொண்டு அவள் வந்து சேர்வதற்குள் பேருந்து பதினோரு நிமிடம் நின்றுவிட்டது. சந்தைக்குப் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னைக்குப் பரீட்சை. நேத்தே சொல்லுச்சு," என்றார் அருணகிரி. "இந்த வண்டிய விட்டா அதுக்கு வேற வண்டி இல்ல."

நனைந்துபோய் ஏறியவள், "மன்னிச்சிருங்கண்ணே," என்றாள்.

"முதல்ல தலையைத் துவட்டும்மா," என்று தன் துண்டைக் கொடுத்தார். தாமதத்துக்குப் பணிமனையில் அவர் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டியிருந்தது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. நடத்துநர்தான் ஒருநாள் சொன்னார்.

அருணகிரியைப் போல அவளுக்குக் கைகொடுத்த இரண்டாமவள், அதே வகுப்பில் படித்த ஃபர்ஹானா. பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்திருந்த கோகிலவாணிக்கு முதல் மாதம் ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் ஃபர்ஹானா அவளுடைய நோட்டை எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் தேதியைத் தவிர ஒன்றுமே இல்லை.

"புரியலைன்னா கேக்க மாட்டியாடி?"

"எதைக் கேக்கணும்னே தெரியல."

அன்றிலிருந்து மதிய இடைவேளைகளில் வேப்பமரத்தடியில் இன்னொரு வகுப்பு நடந்தது. வகுப்பில் கேட்டதையெல்லாம் ஃபர்ஹானா தமிழில் திரும்பச் சொன்னாள். புளியங்கொட்டைகளை உருட்டி நிகழ்தகவு சொல்லிக்கொடுத்தாள். மூன்று ஆண்டுகளும் அது நிற்கவில்லை.

மூன்றாமவர் துறை அலுவலக உதவியாளர் ஜெபராணி. சேர்க்கை முதல் மாற்றுச் சான்றிதழ் வரை மாணவர்களின் கோப்பெல்லாம் அவர் மேசையில்தான். பட்டமளிப்பு விழாவில் மேடையோரம் நின்று பட்டங்களை வரிசைப்படி எடுத்துக் கொடுப்பதும் வருஷாவருஷம் அவர் பொறுப்பு.

முதல் பருவத்தில் கோகிலவாணி இரண்டு தாள்களில் தோற்றாள். படிப்பை விட்டுவிடுவதாக எழுதிக்கொண்டு போய் ஜெபராணியிடம் நீட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டு இழுப்பறையில் வைத்தார்.

"துறைத் தலைவர் கையெழுத்துப் போடணும். திங்கட்கிழமை வாம்மா."

திங்கட்கிழமை போனபோது வியாழன் என்றார். வியாழனன்று, "அவருக்குக் கூட்டம்," என்றார். வந்ததுதான் வந்தோம் என்று அவளும் ஒவ்வொரு முறையும் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் நாள், "மேடம், அந்தத் தாளைத் திருப்பித் தர முடியுமா?" என்று தயங்கிக்கொண்டே கேட்டாள்.

ஜெபராணி இழுப்பறையைத் திறந்தார். அதில் தேதி முத்திரைகூட விழவில்லை. "முத்திரை குத்திட்டா பதிவேட்டுல ஏறிடும். அதான் நான் யார்கிட்டயும் காட்டவே இல்ல," என்றார்.

தோற்ற தாள்களைக் கோகிலவாணி அடுத்த பருவத்தில் எழுதித் தேறினாள். இரண்டாம் ஆண்டில் விடுதியில் அறை கிடைத்தது; அந்தப் பேருந்தில் ஏறுவது விடுமுறைகளில் மட்டும் என்றானது. மூன்றாம் ஆண்டு முடிவில் ஃபர்ஹானாவும் அவளும் முதல் வகுப்பில் தேறினார்கள்.

பட்டமளிப்பு விழா அழைப்போடு இரண்டு அனுமதிச் சீட்டுகள் வந்தன. சீட்டு இல்லாத விருந்தினர்களுக்கு அரங்கில் இடமில்லை என்று அதில் அச்சிட்டிருந்தது. முதல் சீட்டு அம்மாவுக்கு. இரண்டாவது யாருக்கு?

விடுதித் தோழிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "சொல்லிக்கொடுத்தவதான் உன்னைத் தேற வச்சா," என்றாள் ஒருத்தி. "அந்த மேடம் தாளை மேல அனுப்பியிருந்தா நீ இங்க இருந்திருக்கவே மாட்ட," என்றாள் மற்றொருத்தி. ஓட்டுநர் பெயரை யாரும் சொல்லவில்லை; ஒரு வருஷம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர், அவ்வளவுதானே என்று நினைத்தார்கள். கோகிலவாணிக்கோ மூன்று பேருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எந்த உதவியை எதற்குக் கீழே வைப்பது என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் யோசித்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்த இரண்டாவது சீட்டு யாருக்குப் போவது சரி?

விடை: ஓட்டுநர் அருணகிரிக்கு. எந்த உதவி பெரியது என்று பார்த்துக்கொண்டிருந்தால் விடை வராது. சீட்டு இல்லாமல் உள்ளே வர முடியாதவர் யார் என்று பார்க்க வேண்டும். ஃபர்ஹானா அன்று தானும் பட்டம் வாங்க வருகிறாள். ஜெபராணிக்கு மேடையோரம்தான் வேலை. வெளியே நிற்கப்போகிறவர் ஒருவரே. கோகிலவாணி அப்படித்தான் முடிவு செய்தாள். பல்கலைக்கழக வாசல் முன்பாகப் பதினெட்டு வருஷம் வண்டி ஓட்டியவர், அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு ராமாயியோடு முதன்முறையாக உள்ளே போய் உட்கார்ந்தார். கறுப்பு அங்கியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி தெரிய, ராமாயி மகளைத் தேடித் தவித்தாள். அருணகிரி மெல்லக் குனிந்து, "வரிசையில நாலாவது ஆளு பாருங்க. அதுதான் நம்ம பொண்ணு," என்றார்.