ஆறாவது பாட்டு

பெரம்பூரில் டிரம்ஸ் கற்றுக்கொடுக்கும் பிலோமினா தன் மாணவர்கள் சிலரைவிட வயதில் இளையவர். அவர்களில் ஒருவரான ஸ்டான்லிக்கு நாற்பத்தாறு வயது. இருபது ஆண்டுகள் மேடையில் வாசித்த பிறகும் வாராவாரம் வகுப்புக்கு வருவார். அடக்கத்தால் அல்ல. தன்னைத் திருத்த ஊரில் இன்னும் ஒரு ஆள் இருப்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

ஒரு சனிக்கிழமை காலை ஸ்டான்லி ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

“என்ன இது?” என்றார் பிலோமினா.

“ரெஜினால்டோட ஆல்பம், மிஸ். பாட்டு பாட்டா மார்க் போட்டிருக்கேன்.”

ரெஜினால்ட், ஸ்டான்லியின் ப்ரோக்ரஸிவ் ராக் குழுவில் பதினாறு வருடம் கிட்டார் வாசித்தவர். ஒரே பாட்டுக்குள் தாளம் நாலு தடவை மாறும். ஆட எழுந்தவர்கள் குழம்பிப்போய் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வகைச் சங்கீதம். இப்போது அவர் தனியாக ஒரு ஆல்பம் செய்திருந்தார். கிட்டார், கீபோர்டு, குரல் எல்லாம் அவரே. டிரம்ஸும் அவரே. தன்னை ஒரு வார்த்தை கூப்பிடவில்லையே என்று ஸ்டான்லிக்கு வருத்தம்.

“நாளைக்கு நான் பதில் சொல்லணும். ‘நீ நல்லா இல்லன்னு சொன்னா வெளியிடவே மாட்டேன்’னுட்டான். மூணு வருஷ உழைப்பு. ஆனா பொய் சொல்ல மனசு வரல.”

பிலோமினா தாளைப் படித்தார். மூன்றாவது பாட்டுக்கு எட்டு. நான்காவதுக்கு இரண்டு, பக்கத்தில் ‘டிரம்ஸே இல்லை’ என்று ஒரு குறிப்பு. ஆறாவதுக்கு ஒன்று. ‘தாளம் இழுக்குது’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

“எப்படிக் கேட்டீங்க?”

“பைக்ல போறப்ப ரெண்டு பாட்டு, டீக்கடையில ரெண்டு. ஆறாவத மட்டும் பத்து தடவ கேட்டேன்.”

“அத மட்டும் ஏன்?”

“தப்பு அதுலதான இருக்கு.”

பிலோமினா சிரிக்கவில்லை. ஸ்டான்லியின் போனை வாங்கி ஆல்பத்தை ஸ்பீக்கரில் போட்டார்.

“டிரம்ஸ்ல உட்காருங்க. கூடவே வாசிங்க. அவர் வாசிச்சத இல்ல, உங்களக் கூப்பிட்டிருந்தா என்ன வாசிச்சிருப்பீங்களோ அத. நான் கடைசி வரைக்கும் நிறுத்த மாட்டேன்.”

முதல் பாட்டில் ஸ்டான்லி பிரமாதமாக வாசித்தார். கொஞ்சம் பழிவாங்கலும் அதில் இருந்தது. இரண்டாவதில், ரெஜினால்ட் வேண்டுமென்றே விட்டிருந்த இடைவெளிகளை எல்லாம் நிரப்பினார். மூன்றாவதில் சட்டை நனைந்துவிட்டது.

நான்காவதில் டிரம்ஸ் நுழைய இடமே இல்லை. ஏழு நிமிடம், ஒரு கிட்டாரும் ஒரு குரலும்தான். குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வேறு வேலை இல்லாததால் கேட்டார். அது முடிகிற இடத்தில் ஒரு சின்ன மெட்டு வந்தது. எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. முதல் பாட்டில் இதே மெட்டு வந்தபோதுதான் அவர் அதன் மேல் படபடவென்று அடித்துத் தள்ளியிருந்தார்.

பிறகு ஆல்பத்தில் டிரம்ஸ் மறுபடி தொடங்கியது. ஸ்டான்லி குச்சிகளைக் கையில் எடுத்தார். ஆனால் அடிக்கவில்லை. ஒருமுறை பிலோமினா திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் ஆல்பம் முடிந்தது. பிலோமினா ஸ்பீக்கரை அணைத்தார்.

“ஆறாவதுல தாளம் இழுத்துச்சா?”

ஸ்டான்லி யோசித்தார். சொல்லக் கூச்சமாக இருந்தது.

“ஆறாவது எப்ப வந்துச்சு, மிஸ்?”

பிலோமினா மார்க் போட்ட தாளை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். ஸ்டான்லி அதை மடித்துக்கொண்டே கேட்டார்.

“நாளைக்கு அவன்கிட்ட நான் என்ன சொல்றது?”

“‘ஆறாவது எப்ப வந்துச்சு’ன்னு இப்ப என்கிட்ட கேட்டீங்களே, அதையே அவர்கிட்ட கேளுங்க.”