உப்பளச் சங்கத்துக்கு வந்த சட்டம்

முன்னொரு காலத்தில் உவர்நாடு என்ற கடலோர நாட்டைச் சண்டவேலன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் போட்ட சட்டத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவான். குடிகள்தான் மறக்க முடியாது.

அந்த நாட்டில் உப்பு விளைவிக்கிற நாற்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தன. பாத்தியில் உப்பு இறங்கியதும் மேலே தேங்கும் கசப்புத் தண்ணீரை என்றைக்கு வடிப்பது என்று நாக்கில் தொட்டுப் பார்த்துச் சொல்வது சங்கத் தலைவரின் வேலை. நாள் பிந்தினால் உப்பு கசந்துவிடும். அதனால் வருஷா வருஷம் கூடி, நல்ல நாக்குள்ள ஒருவரைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். அந்த வருஷம் உலகி என்ற பெண் தலைவி.

சட்ட மந்திரி மார்த்தாண்டருக்கு இது பொறுக்கவில்லை. அவருடைய மச்சினன் ஒருவன் வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் தின்றுகொண்டிருந்தான். "பத்துப் பேருக்கு மேல் கூடி உழைத்து, பலனைப் பங்கிட்டுக்கொள்ளும் எந்தக் கூட்டமும் சங்கமே. அதன் தலைவரை வெளியாள்தான் நியமிக்க வேண்டும்" என்று ஓலை எழுதி, ராஜாவின் முத்திரையை வாங்கிவிட்டார். வெளியாள் என்று தானே நின்று மச்சினனைத் தலைவனாக்கினார். உப்பை அவன் சோற்றில் பார்த்ததோடு சரி. தண்ணீர் நிறைய நின்றால் உப்பும் நிறைய விளையும் என்று மடையை அடைத்துவிட்டான், பாவி!

உலகி அரசவைக்கு வந்து, சட்டம் செல்லாது என்று வழக்குரைத்தாள். "இன்னும் ரெண்டு நாள் போனா வருஷ வெள்ளாமையே பாழ், ராசா."

மார்த்தாண்டர் சிரித்தார். "ராஜா போட்ட சட்டம் செல்லாதென்று சொல்ல நீ யார்?"

"செல்லும்னே வச்சுக்குவோம், சாமி. அப்ப எல்லாருக்கும் செல்லணும்ல? இந்தச் சபையில எத்தனை பேரு?"

"முப்பத்திரண்டு பேர்."

"கூடித்தானே வேலை பாக்குறீக?"

"ஆமாம்."

"வர்ற பலனைப் பங்கு வச்சுத்தானே சாப்பிடுறீக?"

மார்த்தாண்டர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப இதுவும் சங்கம். தலைவரு ராசா. அவரை நியமிச்ச வெளியாளு யாரு? பக்கத்து நாட்டு ராசாவா?"

ராஜாவின் முகம் முதலில் சிவந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "பெண்ணே, நீ சொல்வதுதான் நியாயம்! அடே மார்த்தாண்டா, என் அரியணைக்கே உலை வைத்துவிட்டாயே!"

மார்த்தாண்டரைத் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு வாசலில் போய் நிற்கச் சொன்னான். உலகிக்குப் பட்டுப்புடவையும் பவழ மாலையும் கொடுத்தான். அப்புறம் ஓலையை வாங்கி, தன் கையாலேயே கடைசியில் ஒரு வரி சேர்த்தான்: 'இந்தச் சட்டம் அரசவைக்குப் பொருந்தாது.'

சபை கைதட்டி ஆர்ப்பரித்தது. அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கோட்டை வாசலில் காத்திருந்த சங்கத்துக்காரர்கள் ஓடிவந்தார்கள். "என்ன தாயி, செயிச்சிட்டியா?"

"செயிச்சிட்டேன். நான் சொன்னதுதான் நியாயம்னு ராசாவே சொல்லிட்டாரு."

"அப்ப மடையைத் தொறந்துறலாமா?"

உலகி பட்டுப்புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"மந்திரி மச்சினனைக் கேட்டுத்தான் தொறக்கணும்" என்றாள்.