இரண்டு ஸ்பீக்கர், ஒரு பந்து

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை. வடவள்ளியில் ஒரு டயர்க்கடையின் மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திருபது பேரை மௌனமாக உட்காரவைக்கும் தெய்வானைக்கு நாற்பதைத் தாண்டி ஓரிரு வயது. மற்ற நாட்களில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறார். ஸ்கூட்டியில் வருவார், ஸ்கூட்டியில் போவார். அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் தொடங்கிவைத்தது என்று தெரியாது. அப்படியே நிலைத்துவிட்டது.

அப்படிக் கூப்பிடுகிற மூத்தவர்களில் ஒருவன் நன்மாறன். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். டொரொன்டோவில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, மனைவி வல்லியோடு கோயம்புத்தூர் திரும்பியவன். ஊர் திரும்பும் யோசனை அவனுடையது. மகள் மீரா அங்கேயே வேலையில் இருந்தாள்.

மௌனம் முடிந்ததும் அக்கா கண்ணைத் திறந்து ஒரே ஒரு சொல் சொல்வார்.

"கேளுங்க."

பழைய ஆட்கள் அசையமாட்டார்கள். மடியில் கை வைத்தபடி அப்படியே இருப்பார்கள். பாவம், கூச்சம் என்று நன்மாறன் நினைத்துக்கொள்வான். அந்த அமைதி அவனுக்குப் பொறுக்காது. வாரம் தவறாமல் ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருப்பான். பிறவி எதற்கு, மனம் எங்கே இருக்கிறது, தூங்கும்போது நான் யார். அக்கா ஒரு வரி சொல்வார். சிலசமயம் சிரித்துவிட்டு எழுந்துவிடுவார்.

"சார் ஒருத்தர் போதுமுங்க," என்பார் டயர்க்கடை முதலாளி பொன்னுரங்கம், படி இறங்கும்போது. "எங்க எல்லாத்துக்கும் சேத்திக் கேட்டுப்போடுவாரு."

நன்மாறன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

அந்த ஞாயிறு அவன் கொண்டுவந்த கேள்வி இது:

"அக்கா, ஒரு பொருளை நல்லாக்கணும்னு எல்லாத்தையும் சரியாத்தான் செய்யறோம். ஆனா அது முன்னைவிடக் கெட்டுப்போகுது. அப்பத் தப்பு எங்க இருக்குதுங்க?"

"என்ன பொருள்?"

"பொதுவாக் கேட்டனுங்க்கா."

"பொதுவான பொருளை யாரும் ரிப்பேர் பண்ண முடியாதுங்க. என்ன பொருள்?"

"பின்பால் மெஷினுங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க," என்றார்.

நன்மாறன் சொன்னான். கட்டில் நீளத்துக்கு, நாலு காலில் சரிவாக நிற்கிற கண்ணாடி மூடிய பெட்டி. உள்ளே ஓர் இரும்புப் பந்து. ஸ்பிரிங் வைத்த பிளஞ்சரை இழுத்துவிட்டால் பந்து மேலே ஓடும், கண்டதிலும் முட்டும், மணியடிக்கும், உருண்டு கீழே வரும். அடியில் இருக்கிற ஓட்டையில் விழுந்துவிடாமல், இரண்டு பக்கமும் பட்டனை அழுத்தி, ஃபிளிப்பர் என்கிற இரண்டு சின்ன மட்டைகளால் அதைத் திரும்பவும் மேலே அடிக்க வேண்டும். டொரொன்டோ வீட்டில் இருந்தது. கப்பலில் கொண்டுவந்தார்கள். சோபாவை விட்டுவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள்.

"உச்சியில நிக்கற பலகையில ரெண்டு ஸ்பீக்கருங்க. பழசு. காகிதம் கிழிஞ்சு கரகரன்னு இருந்துச்சு. நல்லதா ரெண்டு வாங்கி நானே மாத்தினேன். அளவு பாத்து, திருகு பாத்து, ஒயரெல்லாம் நானே வெச்சேன். கல்யாண நாளைக்கு வல்லிக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு, அவ தங்கச்சி வீட்டுக்கு அவ போயிருந்தப்பச் செஞ்சது."

"நீங்க ஆடுவீங்களா?"

"எனக்கு அதெல்லாம் வராதுங்க. வல்லிதான். தினமும் சாயங்காலம் ஆடுவா."

"இப்ப?"

நன்மாறன் ஜன்னலைப் பார்த்தான். "ஒரு ஆட்டம் ஆடினா. நல்லா இருக்குதுன்னு சொன்னா. அப்புறம் தொடலைங்க."

"ஏன்?"

"சத்தம் சரியில்லைங்க்கா. கனம் வரலை. வயித்துல வந்து முட்டணும் பாருங்க, அது இல்லை."

"அவங்க சொன்னாங்களா?"

"எனக்கே தெரியுதேங்க்கா."

அக்கா எழுந்தார். "சாயங்காலம் வரேன். உங்க டிவி ரிமோட்ல பேட்டரி இருக்குமில்ல?"

நன்மாறன் அவரிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. போன வாரம் வல்லி பால்கனியில் நின்று மீராவோடு பேசியது அவன் காதில் விழுந்தது. "போறதுக்கு மட்டும் டிக்கெட் போடு கண்ணு. வர்றதை அப்புறம் பாத்துக்கலாம்." பிறவியைப் பற்றி, மனத்தைப் பற்றி, தூக்கத்தைப் பற்றியெல்லாம் வாய் ஓயாமல் கேட்டவன், அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தம் சரியாகிவிட்டால் அவள் மறுபடி ஆடுவாள். ஆடத் தொடங்கிவிட்டால் போகமாட்டாள். அவன் போட்டிருந்த கணக்கு அதுதான்.

சாயங்காலம் கதவைத் திறந்தது வல்லி.

"வாங்க வாங்க. என்ன, மெஷினுக்கும் தியானம் சொல்லித் தரப் போறீங்களாமா?"

"அது ஏற்கெனவே வாயை மூடிட்டு இருக்குதாமே, வல்லியக்கா."

"ஊரே உங்களை அக்காங்குது. நீங்க என்னை அக்காங்கறீங்க. இந்த வீட்டுல யாரு பெரியவங்கன்னே தெரியலை," என்று சிரித்துவிட்டு வல்லி பால்கனிக்குப் போனாள். அங்கே ஒரு நாற்காலி போட்டிருந்தது. கொஞ்ச நாளாக அவளுடைய சாயங்காலம் அதில்தான் கழிந்தது.

நன்மாறன் மெஷினைப் போட்டான். விளக்குகள் எரிந்தன. பாட்டு ஒன்று ஓடத் தொடங்கியது. அக்கா கிட்டே போய் இடதுபக்க ஸ்பீக்கரில் காதை வைத்தார். வலதுபக்கத்தில் வைத்தார். பிறகு ஆடுகிறவர் நிற்கிற இடத்துக்கு, நட்டநடுவில் வந்து நின்றார்.

"பக்கத்துல போனா இருக்குது. நடுவுல நின்னா காணோம்."

"அதேதானுங்க்கா! அதுக்குத்தான் கூட்டிக் கூட்டி வெச்சுப் பாத்தேன்."

"கூட்டினா?"

நன்மாறன் யோசித்தான். "இன்னும் சத்தமாக் காணாமப் போகுதுங்க."

அக்கா மெஷினை அணைக்கச் சொன்னார். உச்சிப் பலகையைக் கழற்றி, இரண்டு ஸ்பீக்கரையும் அவற்றின் ஒயரோடு எடுத்து, சாப்பாட்டு மேசையில் நாளிதழ் விரித்து மல்லாக்க வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஒயர். ஒன்றில் வெள்ளைக் கோடு போட்டிருந்தது, மற்றது வெறும் கறுப்பு. அக்கா ரிமோட்டிலிருந்து ஒரு பேட்டரியை உருவினார்.

"வலதுபக்கத்து ஸ்பீக்கரைப் பாருங்க. நடுவுல மட்டும் பாருங்க."

கோடு போட்ட ஒயரைப் பேட்டரியின் குமிழிலும், கறுப்பை அதன் அடியிலும் தொட்டார். பொத்தென்று சின்னதாக ஒரு சத்தம். ஸ்பீக்கரின் நடுவில் இருக்கிற கிண்ணம் ஒரு மூச்சு அளவுக்கு வெளியே எழும்பி நின்றது.

"இப்ப இடதுபக்கத்தது."

அதே கோடு, அதே குமிழ். பொத்து. கிண்ணம் உள்ளே போனது.

"இன்னொருக்கா வைங்க்கா," என்றான் நன்மாறன். குனிந்து, கன்னம் மேசையில் படுகிற மாதிரி பார்த்தான். ஒன்று எழும்பியது. ஒன்று அமுங்கியது. அவனே பேட்டரியை வாங்கி மாறி மாறித் தொட்டுப் பார்த்தான். விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது அவனுக்கு.

"ரெண்டும் நல்ல ஸ்பீக்கர்தான்," என்றார் அக்கா. "ஒண்ணு முன்னால வர்றப்ப ஒண்ணு பின்னால போகுது. நடுவுல நிக்கறவங்களுக்கு ஒண்ணுமில்லாமப் போயிருது."

"அட! இடதுபக்கத்துல ஒயரைத் திருப்பி மாட்டிட்டனா? தனித்தனியா வெச்சுப் பாத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"தனித்தனியா நல்லாத்தான் இருக்கும்."

நன்மாறன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். "அஞ்சு நிமிஷம்க்கா. திருப்பி மாட்டிட்டா முடிஞ்சுது."

அக்கா இடதுபக்க ஸ்பீக்கரை எடுத்து அவன் மடியில் வைத்தார். "பிடிச்சுக்கங்க. முதல்ல அவங்க ஆடட்டும்."

"ஸ்பீக்கரே இல்லாமயா?"

அக்கா பால்கனிப் பக்கம் திரும்பினார். "வல்லியக்கா, ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்களேன். நான் பாத்ததே இல்லை."

வல்லி வந்தாள். திரும்ப மாட்டிய பலகையில் இரண்டு பெரிய ஓட்டைகளைப் பார்த்து வாயில் கை வைத்தாள். "ஏனுங்க, கண்ணைத் தோண்டி எடுத்துட்டீங்களா!"

சிரித்தாள். கொஞ்ச நாளாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு.

"பாட்டு வராது வல்லி," என்றான் நன்மாறன் அவசரமாக. "மணி வராது. ஒண்ணுமே வராது."

"தெரியுதுங்க," என்று சொல்லி அவள் பிளஞ்சரை இழுத்துவிட்டாள்.

பந்து ஓடியது.

முதலில் நன்மாறனுக்கு ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருந்தது. பிறகு மரத்தின்மேல் இரும்பு உருளும் சத்தம் வந்தது. தூரத்து ரயில் மாதிரி. மேலே எங்கோ ரப்பரில் தட்டி மெத்தென்று திரும்பியது. ஃபிளிப்பர் டக் என்றது. பந்து ஏறியது, சுற்றியது, இறங்கியது. டக். வல்லியின் கண் பாதி மூடியிருந்தது. தலை லேசாகச் சாய்ந்திருந்தது. மேசையில் மூடி இல்லாமல் கிடந்த ரிமோட்டும், பால்கனிக்கு வெளியே தண்ணீர் லாரியும், எதுவும் அவள் கவனத்தில் இல்லை.

ஆட்டம் முடியவில்லை. முடியவேயில்லை. இவ்வளவு நேரம் அவள் ஒரு பந்தைக் கீழே விடாமல் ஆடி நன்மாறன் பார்த்ததில்லை. யோசித்துப் பார்த்தால், அவள் ஆடி அவன் முழுசாகப் பார்த்ததே இல்லை.

"எப்படிடி இது?" என்றான்.

"இப்படித்தானே எப்பவும் ஆடுவேன்." அவள் திரும்பவில்லை. "அங்க மீரா கைக்குழந்தையா இருந்தப்ப, கீழ்த்தளத்துல சத்தத்தை அணைச்சுட்டுத்தான் ஆடுவேன். சின்னச் சத்தத்துக்கும் எந்திரிச்சு அழுவாளே. நீங்க மாடியில போன்ல ஆபீஸ் மீட்டிங்ல இருப்பீங்க. அப்படியே பழகிருச்சு. பந்து உருள்றதைக் கேட்டாப் போதும். இடதுபக்கம் இறங்குனா கொஞ்சம் கரகரங்கும், அங்க வார்னிஷ் தேஞ்சிருக்கு. கண்ணு போறதுக்கு முன்னாடி கை போயிரும்."

டக்.

"பழசு முனகறதோட சரி, பந்து கேக்கும். உங்க புது ஸ்பீக்கர் பந்தையே முழுங்கிருச்சு."

மாடியில் மீட்டிங்கில் இருந்த அந்த இரவுகளில், கீழே சத்தமே இல்லாததால் அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நன்மாறன் நினைத்திருந்தான். சில நாள் பாவமாகக்கூட இருந்தது.

"இத்தனை நாள் நீ சொல்லவே இல்லையே, வல்லி."

"நீங்க கேக்கலையே."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பந்து மேலே போயிருந்தது, அவள் அதோடு இருந்தாள்.

நன்மாறன் மடியில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தான். அக்கா பேட்டரியை ரிமோட்டில் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். அவன் நாற்காலியோடு அவர் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அக்கா… இவ மீராகிட்டப் போறா. போனாத் திரும்பி வருவாளா?"

அக்கா ரிமோட்டின் மூடியைத் தள்ளி மூடினார்.

"கேளுங்க."

நன்மாறன் வழக்கம்போல வாயைத் திறந்தான். ஞாயிறுதோறும் முன்வரிசையில் தனக்கு இரண்டு பக்கமும், மடியில் கை வைத்து அசையாமல் உட்கார்ந்திருக்கும் பொன்னுரங்கமும் மற்றவர்களும் ஏனோ நினைவுக்கு வந்தார்கள். வாயை மூடிக்கொண்டான். கோடு போட்ட ஒயர் அவன் விரலிடுக்கில் தொங்கியது.

பந்து இடதுபக்கம் இறங்கியது. கரகரவென்றது. அவனுக்கும் கேட்டது.

வல்லியின் கை பட்டனுக்குப் போகவில்லை. பந்து தன் வழியே உருண்டு ஓட்டையில் விழுந்தது. அடுத்த பந்து பிளஞ்சரின் முன்னால் வந்து நின்றது. அவள் அதை இழுக்கவில்லை. அவர்களுக்கு முதுகு காட்டியபடியே, கண்ணாடியின்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

நன்மாறன் கேட்டுக்கொண்டிருந்தான்.