ஒன்றும் வேண்டாம் என்ற இருவாட்சி

மேற்கு மலைச் சரிவில், வெயில் தரையைத் தொடாத ஒரு காட்டில், கொண்டையன் என்றொரு இருவாட்சி வாழ்ந்து வந்தான். அவன் மனைவியின் பெயர் பொன்னலகி.

குழந்தைகளே, இருவாட்சி வீட்டு வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாட்சி உயரமான மரத்தில் ஒரு பொந்து பார்த்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து, உள்ளே இருந்தபடியே வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். குஞ்சு வளரும்வரை வெளியே வராது. வந்தாலும் பறக்க முடியாது, இறகெல்லாம் உதிர்ந்திருக்கும். அத்தனை நாளும் ஆண்தான் பழம் தேடிக் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டவேண்டும். அவன் வராத நாளில் உள்ளே பட்டினி.

கொண்டையன் தவறாமல் வந்தான். அவன் நல்லவன், உழைப்பாளி, பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தவன். அவனிடம் ஒரே ஒரு குறை. யார் எதைக் கேட்டாலும், "ஆச்சு ஆச்சு, எல்லாம் இருக்கு, ஒண்ணும் வேண்டாம்" என்பான். சாப்பிட்டாயா என்றால் ஆச்சு. தூங்கினாயா என்றால் ஆச்சு. ஒருமுறை காலில் முள் ஏறி, ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான். என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லே, சும்மாதான் நிக்கிறேன்" என்றான். அவன் அப்பாவும் அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் அதற்கு மரியாதை என்று பெயர்.

அந்த வருஷம் பொன்னலகிக்குப் பொந்துக்குள்ளேயே காய்ச்சல் கண்டது.

கீறல் வழியாக அவள் நீட்டிய அலகு சுட்டது. கொடுத்த அத்திப்பழத்தைப் பாதி தின்று பாதியைக் கீழே போட்டாள். "கசக்குதுங்க" என்றாள்.

காய்ச்சலுக்கு நிலவேம்புதான் மருந்து என்று காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது மலையடிவாரத்தில், வெயில் காயும் மேட்டில்தான் முளைக்கும். போய்த் திரும்ப அரைப்பகலுக்கு மேல் பிடிக்கும். பொன்னலகிக்கோ ஒரேயடியாகத் தின்ன முடியவில்லை. சாறுள்ள பழமாக, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கவேண்டியிருந்தது. பக்கத்து அத்திமரமும் காய்த்து ஓய்ந்துவிட்டது.

"நான் மருந்துக்குப் போனா இவளுக்கு யார் ஊட்டுவா?" என்று யோசித்தான். பழத்துக்கு அலைந்தான். மறுபடி யோசித்தான். மருந்துக்குப் போகவே இல்லை. பொன்னலகியின் குரல் நாளுக்கு நாள் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இருவாட்சி பறந்தால் காட்டுக்கே கேட்கும். யாரோ பெரிய பாயை உதறுவது போல அவ்வளவு சத்தம். கொண்டையன் தன் வாய்க்கு ஒன்றும் போடாமல் பறந்ததில் அந்தச் சத்தம் தேய்ந்துபோயிற்று. அக்கம்பக்கத்தில் அதைக் கவனித்தார்கள்.

முதலில் வந்தது மலையணில். நிற்க நேரமில்லாத பிராணி. வரும்போதே பேசிக்கொண்டு வந்தது.

"கொண்டையண்ணே, அண்ணிக்கு ஒடம்பு சரியில்லையாமே? பழம் கிழம் பறிச்சுப் போடவா? ஒரு நிமிஷ வேலை!"

"உனக்கு எதுக்குத் தம்பி சிரமம்? எல்லாம் பறிச்சாச்சு."

"நிஜமாவா?"

"ஆச்சுன்னா ஆச்சுதான்."

அணில் அப்படியே நம்பிவிட்டது. நல்லவர்கள் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? வாலைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குத் தாவியது.

அடுத்து கருமந்தி வந்தது. கை நிறைய அயினிப்பலாச் சுளைகள், வாய் நிறையப் பேச்சு. காட்டில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் விசாரிக்க முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"தம்பி, இதை உள்ளே குடுக்கவா? நல்ல பழுத்த சுளை."

"இப்பத்தான்க்கா சாப்பிட்டு முடிச்சா. வயிறு நெறைஞ்சு படுத்திருக்கா."

"அப்படியா? சரி."

மந்தி அந்தக் கிளையிலேயே வசதியாக உட்கார்ந்தது. சுளைகளைத் தானே ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டது. இதே மாதிரிக் காய்ச்சலில் தன் பங்காளி ஒருவன் எப்படி இளைத்தான், எப்படிப் புலம்பினான், கடைசியில் எப்படிச் செத்தான் என்பதை ஆதியோடு அந்தமாகச் சொல்லிற்று. கொட்டைகளைக் கீழே துப்பியது. கொண்டையன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அந்த நேரத்தில் அவன் எதிர்மலைக்குப் போய்ப் பழத்தோடு திரும்பியிருக்கலாம்.

மந்தி போனதும் உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ஏங்க, சுளை வாசம் வந்துச்சே?"

"மந்தியக்கா வந்துட்டுப் போறாங்க."

"எனக்கு ஒண்ணு வாங்கியிருக்கலாமே. தின்னணும்போல இருந்துச்சு."

"கேட்ட ஒடனே கையை நீட்டினா அவங்க என்ன நெனைப்பாங்க? மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லணும். ரெண்டாந்தரம் சொன்னா வாங்கிக்கலாம்."

"ரெண்டாந்தரம் சொன்னாங்களா?"

"சொல்லலியே" என்றான் கொண்டையன். அவன் குரலில் மந்தி மேல் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

பொன்னலகி கீறலை விட்டு உள்ளே நகர்ந்துகொண்டாள். முட்டைகளின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து அலைந்தும் அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு அத்திப்பழம். அதை அலகில் கவ்விக்கொண்டு வந்து கிளையில் இறங்கினான். மூச்சு வாங்கியது. சற்று நின்று ஊட்டலாம் என்று இருந்தபோது, மரம் கிடுகிடுவென்று ஆடியது. கரடி ஏறி வந்துகொண்டிருந்தது.

கரடிக்கு நாசூக்குத் தெரியாது. ஆனால் தங்கமான மனசு. மூசுமூசென்று மூச்சு விட்டபடி கிளைக்கவட்டில் வந்து உட்கார்ந்தது.

"கொண்டையா, என்ன வேணும்னு சொல்லு. மரத்தோட பிடுங்கிக் கொண்டாரணும்னாலும் கொண்டாரேன்."

"ஒண்ணும் வேண்டாம்ண்ணே. நீங்க ஏறி வந்ததே பெருசு."

"பழம் இருக்கா?"

"இருக்குண்ணே."

"மருந்து?"

"அதெல்லாம் ஆச்சு. இவ்வளவு தூரம் வந்துட்டு நீங்க வெறும் வாயோட போகக்கூடாது. இந்தாங்க, இதைச் சாப்பிடுங்க."

அந்த ஒற்றைப் பழத்தை எடுத்து நீட்டினான். ஆமாம் குழந்தைகளே, அதே பழத்தைத்தான். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது இப்படிப்பட்டவர்களை நினைத்துத்தான்.

கரடியும் அதே காட்டில் வளர்ந்ததுதானே. "எனக்கெதுக்குப்பா" என்று முதலில் மறுத்தது. கொண்டையன் இரண்டாந்தரம் சொன்னான். மூன்றாந்தரமும் சொன்னான். அதற்குமேல் மறுத்தால் மரியாதையாக இருக்காது என்று கரடி வாங்கி வாயில் போட்டுக்கொண்டது. கரடி மெல்லும் சத்தம் பெரிய சத்தம்.

கீறல் வழியாக ஓர் அலகு மெதுவாக வெளியே நீண்டது.

"கரடியண்ணே."

"என்னம்மா?"

"பழம் இனிப்பா இருக்கா?"

"தேனா இருக்கும்மா."

"அது என்னோட பங்கு. நேத்து மத்தியானத்திலேர்ந்து நான் ஒண்ணும் தின்னல."

கரடியின் வாய் நின்றுவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"காய்ச்சல்ல ஒளறுறாண்ணே!" என்று பதறினான் கொண்டையன். "நீங்க சாப்பிடுங்க."

"ஒளறல" என்றாள் பொன்னலகி. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினாலும் நிறுத்தவில்லை. "இந்த வீட்டுல ஒண்ணுமே ஆகல. பழம் இல்ல. மருந்தும் இல்ல. இவர் சாப்பிட்டு எத்தனை நாளாச்சுன்னு எனக்கே தெரியாது. இவர் அடிவாரம் போய் நிலவேம்பு கொண்டுவரணும். திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு யாராவது ஊட்டணும். முட்டையைக் குளிரவிடாம நான் பாத்துக்கறேன். அதுக்குமேல என்னால முடியாதுண்ணே."

கொண்டையன் கூனிக் குறுகிப் போனான். "நாலு பேருக்கு முன்னால என் மானத்தை வாங்கிட்டியே பொன்னு!"

"அந்த மானத்தைக் கீறல் வழியாக் குடுங்க. பசிக்கு ஆகுதான்னு தின்னு பாக்கறேன்."

கரடி வாயில் இருந்ததை ஒருவழியாக விழுங்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு அதற்குக் கோபம் வந்தது.

"அழுத பிள்ளைதாண்டா பால் குடிக்கும்! நீயும் அழமாட்டே, அழுதவளையும் ஒளறுறான்னு சொல்லுவே. நல்லா இருக்குடா உன் மரியாதை. என்னைத் திருடனாக்கிட்டியேடா!"

கரடி போட்ட சத்தத்தில் அணிலும் மந்தியும் ஓடிவந்தன. விஷயத்தைக் கேட்டதும் அணில் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டது. "அன்னிக்கே கேட்டேனே அண்ணே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றது. மந்தி கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டது. அதற்கு அந்தச் சுளைகளின் ஞாபகம் வந்துவிட்டது.

பிறகு வேலை நடந்தது. அணில் நுனிக்கிளைகளில் ஓடிச் சாறுள்ள பழங்களாகப் பார்த்துப் பறித்தது. மந்தி அவற்றைப் பிய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறலுக்குள் கொடுத்தது. கரடி மரத்தடியில் படுத்துக்கொண்டு, விசாரிக்க வந்தவர்களையெல்லாம், "பழம் இருந்தா வெச்சுட்டுப் போ, கதை இருந்தா நாளைக்கு வா" என்று விரட்டியது.

கொண்டையன் அடிவாரம் நோக்கிப் பறந்தான். இறங்கும்போது சிரமம் தெரியவில்லை. மேட்டில் நிலவேம்பைக் கண்டுபிடித்து, அலகு கொள்ளுமட்டும் பறித்துக்கொண்டான். திரும்பி மலை ஏறும்போதுதான் இறக்கை கேட்கவில்லை. ஒவ்வொரு மரத்திலும் உட்கார்ந்து எழுந்தான். 'போகும்போது உயிரோடு இருந்தாள், வரும்போது இருப்பாளா?' என்று பயமாக இருந்தது. அவ்வளவு பயத்தை அவன் வாழ்நாளில் அறிந்ததில்லை. வயிற்றில் ஒன்றுமில்லாத அவனை மலைமேல் ஏற்றிக் கொண்டுவந்தது அந்தப் பயம்தான்.

பொழுது சாயும் முன் வந்து சேர்ந்தான். கீறலின் ஓரமெல்லாம் பழச்சாறு வழிந்து காய்ந்திருந்தது. மந்தி இன்னும் ஊட்டிக்கொண்டிருந்தது. ஊட்டிக்கொண்டே அதே பங்காளியின் காய்ச்சல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தமுறை அந்தப் பங்காளி பிழைத்துவிட்டான்.

"பொன்னு" என்று கூப்பிட்டான் கொண்டையன்.

"வந்துட்டீங்களா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். காலையில் கேட்டதைவிடச் சற்றுத் தெம்பான குரல்.

அவன் நிலவேம்புத் தழையைக் கொடுத்தான். அவள் மென்றாள். "ஐயோ, கசப்பு!" என்றாள். கசப்பு கசப்பாகத் தெரிந்ததே நல்ல அறிகுறி என்று கரடி கீழேயிருந்து சொன்னது. காய்ச்சல் உடனே இறங்கிவிடவில்லை. சில நாள் கழித்துத்தான் இறங்கியது; பிறகு குஞ்சும் பொரிந்தது. ஆனால் அந்தச் சாயங்காலம் நடந்த இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும்.

தழையைக் கொடுத்து முடித்ததும் கொண்டையன் கிளையில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். இறக்கை இரண்டும் தொங்கின. அணில் பார்த்தது. மந்தி பார்த்தது. கரடியும் தலையைத் தூக்கிப் பார்த்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனைக் கேட்டால் என்ன பதில் வரும் என்பதுதான் எல்லோருக்கும் தெரியுமே.

கொண்டையன் தொண்டையைச் செருமினான். ஒருமுறை வாயைத் திறந்து மூடினான். மலை ஏறியதைவிட அது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"எனக்கு..." என்றான். "எனக்குப் பசிக்குது. யாராவது ஏதாவது குடுங்க."

மந்திக்குக் கிளையிலிருந்து கை நழுவிவிடப் பார்த்தது. அணில் ஒரே பாய்ச்சலில் போய், பறித்து வைத்திருந்த பழங்களையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது. கொண்டையன் ஒருதரம்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுக்கக் கொடுக்க வாங்கி வாங்கித் தின்றான்.

பொந்துக்குள் பொன்னலகி அவன் தின்னும் சத்தத்தைக் காதால் கேட்டாள். கேட்டுக்கொண்டே கண்ணை மூடினாள். காய்ச்சல் கண்ட நாளிலிருந்து அவள் கவலையில்லாமல் தூங்கியது அன்றுதான்.

நீதி: உதவி வாசலுக்கு வரும்போது "ஒன்றும் வேண்டாம்" என்பவன், தன் வீட்டு நோயாளியின் பங்கையும் சேர்த்தே மறுக்கிறான்.