உள்ளே தள்ளி நின்ற வரப்பு

டம், டம், டம்.

முதலில் சத்தம்தான் வந்தது. தமுக்கும் தெரியவில்லை, அடிக்கிறவனும் தெரியவில்லை. பனைமரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்ததுமே மருதவயல் ஊரில் மூன்று பேர் செய்த வேலையைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறி நின்றார்கள்.

ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள். நிலத்துக்குக் கல்லும், வழக்குக்கு ராஜாவும் மட்டுமே சாட்சியாக இருந்த காலம் அது.

அந்த ஊரில் ஆவுடையப்பன் என்றொரு குடியானவர் இருந்தார். ஊரில் கல்யாணம் என்றால் பந்தக்கால் ஊன்ற அவர் வேண்டும். குளத்துக் கரை உடைந்தால் மண் சுமக்க அவர் வேண்டும். இரண்டு வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நடுவில் உட்கார அவர் வேண்டும். எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். பிள்ளைகளோடு உட்கார்ந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அப்படிப்பட்டவர் தை மாதம், அறுவடை முடிந்த கையோடு, ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் சங்கிலிமுத்து, இளையவன் பூவலிங்கம். பாகம் பிரிப்பதற்காக நிலத்தின் எல்லைக்கற்களைத் தேடிப் புல்லையும் மண்ணையும் விலக்கினார்கள். மேற்கே எல்லாம் சரியாக இருந்தது. மற்ற மூன்று பக்கமும் கல் வெளியே நின்றது, வரப்பு ஒரு வண்டி அகலம் உள்ளே நின்றது.

"ஏலே தம்பி, வரப்பு என்ன கால் முளைச்சு நடந்தா வந்துச்சு?" என்றான் மூத்தவன்.

வடக்கு வயல்காரர் இசக்கியிடம் போய்க் கேட்டார்கள். "என் வண்டி களத்துக்குப் போக வழி இல்லைன்னு உங்க அப்பாதான் உள்ளே தள்ளிக் கட்டினாரு மாப்பிள்ளை" என்றார் அவர்.

கிழக்கே வயல் வைத்திருந்த விதவை முப்பிடாதியிடம் கேட்டார்கள். "மழைத்தண்ணி வடியாம என் நாத்து அழுகுதுன்னு உங்க அப்பாதான் தள்ளிக் கட்டி வாய்க்கா விட்டாரு" என்றாள் அவள்.

தெற்கு வயல்காரர் வன்னியப்பனிடம் கேட்டார்கள். "ஊருக்கு நடைபாதை வேணும்னு உங்க அப்பாதான் தள்ளிக் கட்டினாரு" என்றார் அவரும்.

"செத்தவர் சாட்சிக்கு வரமாட்டார்னு மூணு பேரும் கூடிப் பேசிட்டு வந்திருக்கீங்களோ?" என்று கத்தினான் சங்கிலிமுத்து. "தன் நிலத்தைத் தானே குறைக்கிறவன் உலகத்துல உண்டா?"

அந்த ராஜ்யத்தின் சட்டம் கடுமையானது. அடுத்தவன் வரப்பை நகர்த்தியவன் தன் வயல் முழுவதையும் இழக்க வேண்டும். அது தெரிந்தும் பிள்ளைகள் ராஜாவிடம் வழக்குக் கொண்டுபோனார்கள். அதை விசாரிக்க ராஜா அனுப்பிய நடுவர்தான் இப்போது தமுக்குச் சத்தத்தோடு வந்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு ஆவுடையப்பனின் வயலில் நடவு. நாற்றும் கையுமாகக் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள்.

நடுவர் இரண்டு பக்கத்தையும் கேட்டார். பிறகு தாடியைச் சொறிந்துகொண்டார். "வயசு முழுக்க வரப்பு வழக்குத்தான் கேட்டிருக்கேன். வெளியே தள்ளினவனைப் பாத்திருக்கேன். உள்ளே தள்ளினவன்னு ஒருத்தனை இன்னும் பாக்கலை."

"பாக்காம விட்டுட்டீக ஐயா" என்று ஒரு குரல் வந்தது. ஆவுடையப்பனின் மனைவி உலகம்மை. "தையிலதான் செத்தாரு. அவர் செஞ்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா செய்யக்கூடிய ஆளுதான்."

"அம்மா, நீ சும்மா இரு!" என்றான் பூவலிங்கம்.

நடுவர் சிரிக்கவில்லை. மகன்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, மூன்று பக்க வரப்பையும் ஓரோர் இடத்தில் அடிவரை குறுக்கே வெட்டச் சொன்னார்.

"மேல வருஷா வருஷம் புதுமண் அணைப்பீங்க. அடியில இருக்கிற கட்டி, கட்டினவன் வெட்டி வச்சபடியே இருக்கும்" என்றார்.

பிறகு மூன்று பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு மண்கட்டி வெட்டச் சொன்னார். இசக்கி வெட்டினார். வன்னியப்பன் வெட்டினார். "உனக்குப் பதில் வேறு யாராவது வெட்டட்டுமா தாயி?" என்று முப்பிடாதியைக் கேட்டார் நடுவர். "என் வயலுக்கு வேற யாரு வந்து வெட்டுதா?" என்று அவளே மண்வெட்டியை வாங்கி வெட்டினாள்.

மூன்று கட்டிகளிலும் வெட்டு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வரப்பின் அடிக்கட்டிகளிலோ, வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும், வெட்டு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இந்த ஊர்ல இடக்கையால மண்வெட்டி பிடிக்கிறவன் யாரு?" என்று கேட்டார் நடுவர்.

எல்லார் கண்ணும் ஆவுடையப்பனின் மகன்கள் மேல் திரும்பியது.

சங்கிலிமுத்துவின் கையிலிருந்த மண்வெட்டி சேற்றில் விழுந்தது. "எங்க அப்பா" என்றான்.

"மண்வெட்டி மட்டுமா? என்னைத் திட்டுறதுக்கும் அந்தக் கையைத்தான் ஆட்டுவாரு" என்றாள் உலகம்மை. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நடுவர் வன்னியப்பனைப் பார்த்தார். "வண்டிப்பாதை புரியுது, வாய்க்கா புரியுது. தெற்கே ஒரு நடைபாதைக்கு எதுக்கையா இவ்வளவு அகலம்?"

"இவங்க ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகளா இருந்தப்போ, எங்க அம்மா செத்தன்னைக்கு ஒத்தை வரப்புல பாடையைத் தூக்கிட்டுப் போனோம் ஐயா. சுடுகாட்டுக்கு அது ஒண்ணுதான் வழி. நாலு பேரு சேர்ந்து நடக்க இடமில்லை. ரெண்டு பேரு சேத்துல சறுக்கி, பாடையே சரிஞ்சு போச்சு. மறுநாள் விடிஞ்சு வந்து பாத்தா, மனுசன் மண்வெட்டியோட நிக்காரு. ஊர்ல யாருக்கும் சொல்ல வேண்டாம்னுட்டாரு."

பூவலிங்கம் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். தையில் அந்தப் பாதை வழியாகத்தான் அப்பாவைத் தூக்கிப் போனார்கள். அண்ணன் முன்னால் கொள்ளிச்சட்டியோடு போனான், இவன் தோள் கொடுத்தான். வழி நெடுக அவன் கால் ஒருமுறைகூடச் சேற்றில் படவில்லை. ஏன் படவில்லை என்று அன்றைக்கு அவன் யோசிக்கவே இல்லை.

நடுவர் மகன்கள் பக்கம் திரும்பினார். "இன்னொரு சட்டமும் உண்டு. பொய் வழக்குப் போட்டவன், தான் கேட்ட நிலம் எவ்வளவோ அவ்வளவையும் எதிராளிக்குக் கொடுக்கணும்."

பூவலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "அந்த அபராதத்தை எங்க அப்பா முன்னாடியே கட்டிட்டாரு ஐயா."

நடுவர் இப்போதுதான் சிரித்தார். ஊரும் சிரித்தது. "அப்போ கல்லைப் பிடுங்கி, வரப்பு எங்க நிக்குதோ அங்க ஊனுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். மகன்கள் இரண்டு பேரும் கற்களைத் தாங்களே பிடுங்கினார்கள், தாங்களே நட்டார்கள்.

கடைசிக் கல்லை நட்டுவிட்டு, சங்கிலிமுத்து முப்பிடாதியின் முன்னால் தலை குனிந்து நின்றான். "அக்கா, நான் பேசினது தப்பு."

"தப்புதான். முதல்ல நீ வெட்டிப் போட்ட வரப்பை அடை. உன் வயல் தண்ணி முழுக்க என் வாய்க்கால்ல ஓடுது."

ஒரு நல்ல மனிதனின் சொத்தை அளக்க வேண்டுமானால், அவன் வைத்துவிட்டுப் போனதோடு அவன் விட்டுக்கொடுத்ததையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

வரப்பை அடைத்ததும் தண்ணீர் நின்றது. நடவுப் பெண்கள் முடிச்சை அவிழ்த்து, அடுத்த நாற்றைக் கையில் பிரித்துக்கொண்டு குனிந்தார்கள்.